விசிறி கழன்றால் யார் தலையில்?

தேயிலை மலைக்கு மேல் இப்போது ஒரு புதிய இரைச்சல் கேட்கிறது. நம் வாசகர்களுள் சிலருக்கு அது பழைய இரைச்சல். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கிணறு தோண்டி விவசாயிகளாகிய குடும்பங்கள் பல. யுத்த காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை வன்னி மக்கள் 'வண்டு' என்று அழைத்தார்கள். வண்டு இரைந்தால் பிள்ளைகளை வாரிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தாய்மாருள் சிலர் இன்று சப்ரகமுவவுக்கே திரும்பி வந்து, உறவினரின் லயத்திலும் தோட்ட எல்லைக் காணிகளிலும் வாழ்கிறார்கள்.

வேறு சிலர் மண்சரிவால் இடம்பெயர்ந்தவர்கள். 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின் மழையும் கேகாலை மாவட்டத்தில் பல குடும்பங்களை வீட்டை விட்டு இறக்கியது. சரிந்த மலைகளையும் சரியக்கூடிய மலைகளையும் படம் பிடிக்க, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை இன்று ட்ரோனைப் பயன்படுத்துகின்றன. அந்த வகையில் ட்ரோன் நமக்கு உதவி செய்யும் கருவி. இதை முதலில் சொல்லிவிடுகிறோம். இக்கட்டுரை ட்ரோனுக்கு எதிரானதன்று.

ஆனால் படம் பிடிக்கும் சிறு ட்ரோனுடன் இப்போது மருந்தடிக்கும் பெரிய ட்ரோனும் வந்திருக்கிறது. முதுகில் தாங்கி சுமந்து மருந்தடித்தவர்களின் வேலையை அது செய்கிறது. தோட்ட ஓரத்தில் குடியிருக்கும் ஓர் அம்மா எம்மிடம் கேட்டார்: "சிஸ்டர், அது மேல போறது சரி. விசிறி கழண்டு கீழ விழுந்தா யார் தலையில விழும்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

கேகாலை மாவட்டத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், யாரையும் காட்டிக் கொடுப்பது நமது எண்ணமன்று. நான்கு விசிறி கொண்ட, 10 லீற்றர் தாங்கியுள்ள வாடகை ட்ரோன் ஒன்று களைக்கு மருந்தடித்துக் கொண்டிருந்தது. அடுத்த மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை பறந்து இறங்கி, மருந்து நிரப்பி, பற்றரி மாற்றி மூன்றாம் முறை எழுந்தது. சிறிது நேரத்தில் இரைச்சல் மாறியது. ஒரு விசிறி கழன்று தனியே பறந்தது. இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்து, பம்பரம்போலச் சுழன்று, பெண்கள் நின்ற இடத்துக்கு ஏறத்தாழ இருபது அடி தள்ளித் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது.

யாருக்கும் காயமில்லை. ஆனால் தாங்கி வெடித்து மருந்து கானுக்குள் ஓடியது. அந்தக் கான் லயத்துப் பீலிக்கு மேலாகப் போவது. அன்றும் மறுநாளும் பீலித் தண்ணீரை எடுக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. இரண்டு நாட்கள் பெண்கள் தூரத்திலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள்.

ட்ரோனை இயக்கியவன் மண்சரிவில் வீடிழந்த குடும்பத்தின் மூத்த மகன். வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே பிள்ளை. அன்று மாலையே அவன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டான். விசாரித்துப் பார்த்தபோது நமக்குத் தெரிந்தது இதுதான்: முதல் நாள் மாலை நிழல் மரக் கிளையில் பட்டு அந்த விசிறியின் நுனி உடைந்திருந்தது. புதிய விசிறியைப் பூட்டத் தொடங்கியவரை இடையில் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் பாதியில் எழுந்து போனார். மற்றவர் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியை மூடினார். காலையில் பையன் வந்தான், பற்றரியைப் போட்டான், பறக்கவிட்டான். பாதி இறுகிய நட்டு இரண்டு பறப்பு வரை தாங்கியது.

"பையன் மேல மட்டும் பழிய போடாதீங்க. அவன் கையில ஒரு ஸ்பனர்கூட குடுக்கல" என்றார் அங்கு நின்ற ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா. அவர் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஆனால் விபத்தின் மூலகாரணத்தை அவர்தான் சரியாகச் சொன்னார்.

இறுக்கிய நட்டு ஏன் கழல்கிறது?

நான்கு விசிறி ட்ரோனில் எல்லா விசிறிகளும் ஒரே பக்கம் சுற்றுவதில்லை. இரண்டு வலப்பக்கமாகவும் இரண்டு இடப்பக்கமாகவும் சுற்றும். எதிர் மூலைகளில் உள்ளவை ஒரே பக்கம் சுற்றும். நான்கும் ஒரே பக்கம் சுற்றினால் ட்ரோனின் உடல் மறுபக்கம் சுழலத் தொடங்கிவிடும். இரண்டுக்கு இரண்டு எதிராகச் சுற்றுவதால் அந்த இழுவை சமனாகிறது.

இங்கேதான் மரையின் கதை தொடங்குகிறது. வீட்டில் மேசை மின்விசிறி இருந்தால் அதன் நடுவிலுள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றிப் பாருங்கள். போத்தல் மூடியைத் திறப்பதுபோல் இடப்பக்கம் திருப்பினால் அது மேலும் இறுகும். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். விசிறி முன்னிருந்து பார்க்கையில் வலப்பக்கம் சுற்றுகிறது. அதன் இறக்கை காற்றைத் தள்ளும்போது காற்றும் இறக்கையைப் பின்னே தள்ளுகிறது. அந்தப் பின்தள்ளல் மூடியைக் கழற்றாமல் இறுக்க வேண்டும் என்பதற்காகவே மரையை மாற்றி வெட்டியிருக்கிறார்கள். சைக்கிளின் இடப்பக்கப் பெடலிலும் இதே மாற்று மரைதான்.

பல ட்ரோன்களிலும் இதே உத்திதான். வலப்பக்கம் சுற்றும் மோட்டாருக்கு மாற்று மரை; இடப்பக்கம் சுற்றும் மோட்டாருக்குச் சாதாரண மரை. பறக்கப் பறக்க விசிறி தானாகவே இறுகும். உலகமெங்கும் விற்பனையான டிஜேஐ நிறுவனத்தின் ஃபான்டம் ட்ரோனில் 2013 இல் முதலில் விசிறிமேல் தனி நட்டு இருந்தது. அதற்கடுத்த ஃபான்டம் 2 இல் தானாக இறுகும் மரை வந்தது. 2016 இல் வந்த ஃபான்டம் 4 இல் மரையே இல்லை. அழுத்தித் திருப்பினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் முறை வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் விசிறியைப் பிடிக்கும் முறை மூன்று விதமாக மாறியதிலிருந்தே, இந்தச் சிறிய இடம் எவ்வளவு முக்கியமானது என்பது விளங்கும்.

அப்படியானால் ஏன் கழல்கிறது? காரணங்கள் பல.

முதலாவது, திடீர் நிறுத்தம். வேகமாகச் சுற்றும் மோட்டார் சட்டென்று வேகம் குறைந்தால் விசிறி தன் வேகத்திலேயே தொடர்ந்து சுற்றப் பார்க்கும். அப்போது தானாக இறுகும் மரை தானாகத் தளரும் மரையாகிவிடும்.

இரண்டாவது, இடம் மாறிப் பூட்டுதல். வலப்பக்க விசிறியை இடப்பக்க மோட்டாரில் பலவந்தமாக ஏற்றினால் மரை சிதையும். இறுகியதுபோலத் தோன்றும், பறந்தால் கழலும். பூட்டும் முறை வந்த இயந்திரங்களிலும் 'டிக்' என்ற சத்தம் கேட்காமல் விட்டால் இதே கதிதான்.

மூன்றாவது, அதிர்வு. நுனி உடைந்த விசிறி, ஒரு பக்கம் மண் ஒட்டிய விசிறி, வளைந்த தண்டு ஆகியவை சமனின்றி அதிரும். பக்கவாட்டு அதிர்வு எந்த இறுக்கமான நட்டையும் மெல்ல மெல்லக் கழற்றும் என்பதை ஜேர்மன் பொறியியலாளர் ஜெர்ஹார்ட் யுங்கர் 1969 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். யாரும் தொடாமலேயே நட்டு கழல்வதற்கு இதுவே காரணம்.

நான்காவது, தேய்மானம். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினால் அதன் பிடி போய்விடும். ஆணியில் இட்ட பசை ஒருமுறை கழற்றியதும் பயனற்றதாகும். ஆணியின் விலை சில ரூபாய்தான். பழையதையே போடுவோம் என்ற சிக்கனம் இலட்சக்கணக்கான ரூபாய் இயந்திரத்தை விழுத்தும்.

ஐந்தாவது, மருந்தும் உரமும். மருந்தடிக்கும் ட்ரோனின் விசிறி பெரும்பாலும் மடியக்கூடியது. அதைத் தாங்கும் கையும் மடியக்கூடியது. மடியும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆணியோ ஒரு பூட்டோ உண்டு. மருந்துத் துளியும் உரத் தூசும் அங்கே படிந்து துருவையும் அழுக்கையும் உண்டாக்குகின்றன. நமது ஈரமான மலைகளில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

விமானம் பிறந்த நாளிலிருந்தே உள்ள நோய்

இது ட்ரோனுடன் வந்த புதிய குறை என்று நினைக்க வேண்டாம். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் ஓர் ஆயரின் பிள்ளைகள். தொழிலால் சைக்கிள் கடைக்காரர்கள். 1903 நவம்பரில் அமெரிக்காவின் கிற்றி ஹோக் கடற்கரையில் அவர்கள் இயந்திரத்தை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தபோது, அதிர்வினால் விசிறித் தண்டிலிருந்த பற்சக்கரங்கள் கழன்றுகொண்டே இருந்தன. எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. கடைசியில் சைக்கிள் ரயர் ஒட்டும் பசையை உருக்கி மரைக்குள் ஊற்றி இறுக்கினார்கள். அது பிடித்துக்கொண்டது. பின்னர் தண்டு வெடித்தது, அதையும் மாற்றினார்கள். டிசெம்பர் 17 ஆம் திகதி மனிதன் பறந்தான்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. 1908 செப்டெம்பர் 17 ஆம் திகதி ஓர்வில் ரைட் ஓட்டிய விமானத்தின் விசிறி வெடித்து, அதிர்ந்து, அருகிலிருந்த கம்பியில் மோதியது. விமானம் விழுந்தது. உடன் பறந்த இராணுவ அதிகாரி தோமஸ் செல்பிரிட்ஜ் இறந்தார். இயந்திர விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர். அந்த முதல் மரணத்துக்குக் காரணம் ஒரு விசிறி.

பெரிய விமானங்களிலும் இது நடக்கிறது. 2017 மார்ச் 17 ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் அல்பரி நகரிலிருந்து சிட்னிக்கு 16 பயணிகளுடன் வந்த சாப் 340 விமானத்தின் வலப்பக்க விசிறி முழுதாகக் கழன்று கீழே காட்டுக்குள் விழுந்தது. விமானிகள் மறு இயந்திரத்தின் உதவியால் பத்திரமாக இறக்கினார்கள். விசிறியைத் தாங்கும் தண்டின் விளிம்பில், ஓர் ஊசித் துளையிலிருந்து வளர்ந்த வெடிப்பே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதன்பின் அந்த இடத்தைச் சோதிக்கும் முறை திருத்தப்பட்டது.

ட்ரோன் உலகிலும் ஓர் உதாரணம் உண்டு. 2016 ஒக்டோபரில் கோப்ரோ நிறுவனம் 'கர்மா' என்ற ட்ரோனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பறக்கும்போதே மின்சாரம் அற்றுச் சில விழுந்தன. அங்கே தளர்ந்தது விசிறியன்று. பற்றரியைப் பிடிக்கும் சிறு தாழ். விற்பனை தொடங்கிச் சில வாரங்களுக்குள், நவம்பர் 8 ஆம் திகதி, ஏறத்தாழ 2,500 ட்ரோன்களை அந்நிறுவனம் திருப்பி அழைத்துக்கொண்டது. தாழைத் திருத்திய பிறகே மீண்டும் விற்றது.

இந்த நிகழ்ச்சிகளிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. ரைட் சகோதரர்கள் யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, பசையைத் தேடினார்கள். சிட்னியில் விசாரித்தவர்கள் விமானியைத் திட்டுவதோடு முடிக்கவில்லை; தண்டில் வெடிப்பைக் கண்டுபிடித்தார்கள். விழுந்தது ஏன் என்று கேட்டவர்களே அடுத்த விபத்தைத் தடுத்தார்கள். யார் குற்றவாளி என்று மட்டும் கேட்டால், அடுத்த பையன் வருவான். அதே நட்டு மீண்டும் கழலும்.

ஒன்று போனால் மூன்று காப்பாற்றுமா?

நான்கு விசிறி ட்ரோனில் ஒன்று போனால் மற்ற மூன்றும் அதைச் சமனாகத் தாங்க முடியாது. அது சுழன்று விழும். மூன்று விசிறியிலும் சுழன்றபடியே கட்டுப்பாட்டுடன் இறங்கச் செய்யலாம் என்று சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆய்வுகூடத்தில் இயல்வது மருந்துத் தாங்கி சுமந்த வாடகை இயந்திரத்தில் தானாக நடந்துவிடாது. ஆறு அல்லது எட்டு விசிறி உள்ளவை ஒன்று போனாலும் பெரும்பாலும் தாங்கி இறங்கக்கூடியவை. ஆகவே எத்தனை விசிறி என்று கேட்பது அறிவீனமான கேள்வியன்று.

விழுந்தால் என்ன வேகம்? 10 லீற்றர் தாங்கி நிரம்பிய ட்ரோன் ஏறத்தாழ 25 கிலோ எடை இருக்கும்; அரை மூட்டைச் சீமெந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர் வேகம். 20 மீற்றரிலிருந்து என்றால் மணிக்கு 70 கிலோமீற்றர். அதற்கு எடுக்கும் நேரம் இரண்டே விநாடி. கூடையைத் தலையில் மாட்டி, செருப்பு வழுக்கும் சரிவில் நிற்கும் பெண் இரண்டு விநாடியில் எங்கே ஓடுவார்?

கழன்ற விசிறியையும் சிறிதாக நினைக்கக் கூடாது. 24 சென்ரிமீற்றர் நீளமான ஒரு சிறு விசிறி நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 270 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. 2015 இல் இங்கிலாந்தில் மரத்தில் மோதித் தடுமாறிய ஒரு சிறு ட்ரோனின் விசிறி பட்டு ஒரு குழந்தை கண்ணை இழந்தது. ட்ரோன் பறந்தால் பிள்ளைகள் ஓடிவந்து கூடுவார்கள். அது இயல்பு. அவர்களைத் தள்ளி நிறுத்துவது பெரியவர்களின் கடமை.

நமது மலைகளில் அவசரம்

மருந்துத் தாங்கி நிரம்பிய ட்ரோன் ஒரு பற்றரியில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பெரும்பாலும் பறக்காது. ஆகவே ஒரு நாளில் பல முறை இறங்கி ஏற வேண்டும். இறங்கும் ஒவ்வொரு முறையும் விசிறிகளைக் கையால் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஏக்கர் கணக்கில் பணம் பேசப்படும்போது அந்த இரண்டு நிமிடமே முதலில் வெட்டப்படுகிறது. மழை வருமுன் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் சேர்கிறது. காலையில் நட்டை இறுக்கியவர் ஒருவர், பற்றரி மாற்றுபவர் இன்னொருவர், பறக்கவிடுபவர் மூன்றாமவர். மூவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்புகிறார்கள்.

ஹெலிகொப்டரின் பெரிய விசிறியைத் தாங்கும் ஒற்றை நட்டை, வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்கத் தொழில்நுட்பர்கள் 'இயேசு நட்டு' என்று அழைத்தார்கள். அது கழன்றால் பிறகு இயேசுவைத்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர்களின் வேடிக்கை. நாமும் கூப்பிடுவோம், அதற்கு முன் நட்டை இறுக்கிவிடுவோம்.

யார் பொறுப்பு?

ட்ரோன் பறப்பது விளையாட்டு விடயமன்று. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டத்தின் கீழ் இயங்கும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையே நாட்டில் ட்ரோன்களை ஒழுங்குபடுத்துகிறது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் ட்ரோன் பறப்புகளை அது சிறிது காலம் நிறுத்தியும் வைத்தது. ஆகவே உங்கள் தோட்டத்துக்கு மேல் பறக்கும் இயந்திரத்துக்கு அனுமதி உண்டா, இயக்குபவர் பயிற்சி பெற்றவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வேலை நேரத்தில் தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்டால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வாளால் வெட்டுப்பட்டாலும் வானத்திலிருந்து விழுந்தது பட்டாலும் வேலையின்போது ஏற்பட்ட காயம் காயமே. அப்படி ஏதும் நடந்தால் அன்றே தோட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தொழிற்சங்கத் தலைவருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள்.

நாம் கூறிய நிகழ்ச்சியில் பையனிடம் தவறே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பறக்கவிடுமுன் விசிறியைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டியவன் அவன். ஆனால் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? ஸ்பனரைக் கொடுத்தவர் யார்? இரண்டு நிமிடத்தைக் கொடுத்தவர் யார்? கொழுந்தெடுக்கும் பெண்களை அடுத்த மலைக்கு அனுப்பியவர் யார்? பொறுப்பு மேலிருந்து கீழே வருகிறது. பழி மட்டும் நேரே கீழே விழுகிறது.

நாம் செய்யக்கூடியவை

ட்ரோன் இயக்கப் போகும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும்:

1. பறக்குமுன் பற்றரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு விசிறியையும் கையால் பிடித்து மேலே இழுத்தும் பக்கமாக ஆட்டியும் பாருங்கள். ஆடினால் பறக்காதீர்கள்.

2. வலம், இடம் என்ற அடையாளத்தைப் பார்த்தே பூட்டுங்கள். பலவந்தம் வேண்டாம்.

3. நுனி உடைந்த விசிறியை ஒட்டிப் பாவிக்க வேண்டாம். விசிறி மாற்றும்போது ஆணியையும் நட்டையும் புதிதாகப் போடுங்கள்.

4. இறுக்கிய நட்டின் மேலும் அதன் அடியிலும் சேர்த்து ஒரு நேர்கோடு பேனையால் கீறுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது. எழுத்தறியாதவரும் தூரத்திலிருந்தே இதைப் பார்த்துச் சொல்லலாம்.

5. நட்டை இறுக்கியவரே புத்தகத்தில் கையொப்பம் இடட்டும். பாதியில் எழுந்தால் திரும்பி வந்து முதலாவது விசிறியிலிருந்தே தொடங்கட்டும்.

6. எழுந்தவுடன் தலையளவு உயரத்தில், ஆட்கள் இல்லாத இடத்தில், அரை நிமிடம் நிறுத்திச் சத்தத்தைக் கேளுங்கள்.

7. வேலை முடிந்ததும் மருந்தைக் கழுவித் துடையுங்கள். கழுவிய நீரைக் கானில் ஊற்றாதீர்கள்.

தோட்டத்தில் வேலை செய்வோருக்கும் அருகில் குடியிருப்போருக்கும்:

ட்ரோன் பறக்கும் மலையில் கொழுந்தெடுக்க வேண்டாம். காலைப் பிரட்டிலேயே இன்று எந்த மலையில் பறக்கிறது என்று கேளுங்கள். பீலிக்கும் கிணற்றுக்கும் பிள்ளைகள் மடுவத்துக்கும் மேலாகப் பறக்கக் கூடாது என்று தாய்மார் சங்கமாகக் கூடிச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு. ஐம்பது பேர் சொன்னால் தீர்மானம். விழுந்த இயந்திரத்தைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். அதில் மருந்தும் இருக்கிறது, தீப்பற்றக்கூடிய பற்றரியும் இருக்கிறது.

இன்னொன்று. இரைச்சல் மாறினால் கத்துங்கள். விசிறி தளரும்போது பல வேளைகளில் சத்தம் முதலில் மாறும், இயந்திரம் நடுங்கும், மருந்துத் தூவல் அலையும். ட்ரோனை இயக்குபவர் கண் கையிலுள்ள திரையில் இருக்கும். கீழே நிற்பவரின் காதுதான் முதலில் அறியும். வன்னியில் வண்டின் சத்தத்தை வைத்தே அது தூரத்தில் நிற்கிறதா தலைக்கு மேல் வந்துவிட்டதா என்று சொன்னவர்கள் நீங்கள். அந்தக் காது இன்றும் உங்களிடம் இருக்கிறது. "நிறுத்து தம்பி" என்று ஒரு தொழிலாளி சொன்னால் இறக்க வேண்டும் என்பதைத் தோட்டத்தில் விதியாக்கக் கேளுங்கள். அப்படி இறக்கியதற்காக யாருடைய சம்பளமும் வெட்டப்படக் கூடாது.

ஒரு பழைய கட்டளை

இணைச்சட்ட நூலின் 22 ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுபவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது. மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டு அங்கிருந்து ஒருவர் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுந்தவர் ஏன் கவனமாக நடக்கவில்லை என்று அக்கட்டளை கேட்கவில்லை. கட்டியவர் ஏன் சுவர் வைக்கவில்லை என்றே கேட்கிறது. உயரத்தில் ஒன்றை வைப்பவருக்குக் கீழே இருப்பவரைக் காக்கும் கடமை உண்டு. மூவாயிரம் ரூபாய் நட்டாயினும் மூன்று ரூபாய் நட்டாயினும் இன்றைய கைப்பிடிச் சுவர் அதுதான்.

அந்தப் பையனுக்காகப் பெண்கள் சிலர் துரையிடம் சென்று பேசினார்கள். அவன் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டான். இப்போது அவனிடம் ஒரு ஸ்பனரும் ஒரு கையொப்பப் புத்தகமும் இருக்கின்றன. அவன் பறக்குமுன் விசிறிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பதை அடுத்த மலையிலிருந்து அம்மாமார் பார்க்கிறார்கள். நான்கையும் ஆட்டி முடிக்கும் வரை எண்ணுகிறார்கள். மூன்றோடு நிறுத்தினால் குரல் வருகிறது: "தம்பி, நாலாவது?"

கேட்ட அம்மாவுக்கு நமது விடை இதுதான். விசிறி கழன்றால் அது கீழே நிற்பவர் தலையில்தான் விழும். ஆகவே கழலாமல் பார்க்கச் சொல்லும் உரிமையும் கீழே நிற்பவருக்கே முதலில் உண்டு. உங்கள் தோட்டத்திலும் ட்ரோன் வந்திருந்தால், இம்மாதச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.